பத்தொன்பதாவது ஆள்

கலீலுர் றஹ்மானிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற சொல் "பாப்பம்." மகள் ஷாமிலாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்களிடமும் பாப்பம். கூரைக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று மேசன் கேட்டபோதும் பாப்பம். அந்தக் கூரை இரண்டு மாரி மழைக்குத் தார்ப்பாயோடு நின்றது. மனைவி ஜெமீலா எதையும் மனதுக்குள் பூட்டி வைக்கத் தெரியாதவள். "உங்கட வாயில இருந்து ஓம் எண்டோ இல்ல எண்டோ ஒரு சொல் வந்திருக்கா? நிக்காஹ் அண்டைக்கும் லெப்பை ரெண்டு தரம் கேட்டுத்தானே வாங்கினவர்" என்பாள். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டு பிளேன்டீயைக் குடிப்பார்.

மனுசன் பிறவியிலேயே அப்படி இல்லை. மூதூர்க்காரர், இருபது வயதிலிருந்து மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் பயணிகள் லோஞ்ச் படகு ஓட்டியவர். அது சண்டைக் காலம். இந்தக் கரையில் ஒருவர் துவக்கோடு கேள்வி கேட்பார், அந்தக் கரையில் இன்னொருவர் துவக்கோடு அதே கேள்வியைக் கேட்பார். இரண்டு பேருக்கும் ஓம் போடாதவன்தான் இரவுச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்தான். பிறகு திருகோணமலைத் துறைமுகத்தில் சுக்கானி வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருசம் அரசாங்க லோஞ்சை ஓட்டினார். ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு கீறல் இல்லை. ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஸெலினா வந்தது.

ஸெலினா நடுத்தரமான ஒரு சரக்குக் கப்பல். பத்தொன்பது பேர் அதில் வேலை. ஆலை இயந்திரங்களின் உதிரிப்பாகம் ஏற்றியிருப்பதாகப் பத்திரம் சொன்னது. ஏவுகணைக்கும் அணு வேலைக்கும் உதவக்கூடிய குழாய்கள் என்று ஒரு பெரிய நாடு சொன்னது, கப்பலில் ஏறிச் சோதியுங்கள் என்று கொழும்பை நெருக்கியது. அதில் கை வைத்தால் உங்களோடு உறவு கெடும் என்று இன்னொரு பெரிய நாடு அதே கிழமையில் சொன்னது. இப்படிப்பட்ட சரக்கைக் கடலிலேயே மறிப்பதற்குப் பல நாடுகள் கூடி ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. நமது அரசாங்கம் அதில் சேரவில்லை. சேரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. கொள்கையளவில் ஆதரவு, மற்றதெல்லாம் பரிசீலனையில். கலீலுர் றஹ்மானின் பாஷையில் சொன்னால், பாப்பம்.

இதை அவருக்கு விளங்கப்படுத்த கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். இராசதுரை என்று பெயர். அமைச்சில் பெரிய உத்தியோகம், ஆனால் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

"கப்பலை நாங்கள் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. கொட்டியாரக் குடாவுக்கு வெளியில நங்கூரம் போட்டு நிற்கட்டும். மனிதாபிமானத்துக்குத் தண்ணியும் சாப்பாடும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கோ. எங்கட ஆள் ஒருத்தரும் அதில ஏறக்கூடாது. அங்கத்தைய ஆள் ஒருத்தரும் கரையில இறங்கக்கூடாது. விளங்குதா?"

"விளங்குது சேர்."

"ஒருத்தர் இறங்கினாலும் அது துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஆயிடும். வந்த கப்பலைச் சோதிச்சால் ஒரு பக்கம் கோபம். சோதிக்காட்டி மற்றப் பக்கம். நாடு ரெண்டுக்கும் நடுவில நிற்குது."

நடுவில் நிற்பது எப்படி என்று கலீலுர் றஹ்மானுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர் தலையை ஆட்டினார்.

பதினாறு நாள் ஒழுங்காகப் போனது. காலை ஒன்பதரைக்குப் புறப்படுவார்கள். அவர் சுக்கானில், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற எஞ்சின்காரன் அபூதாஹிர் பின்னால். கப்பலின் விலாவோடு லோஞ்சை அணைத்தால் மேலிருந்து கயிறு விழும். தண்ணீர்க் குழாயையும் மரக்கறி மூட்டையையும் அதில் கட்டிவிடுவார்கள். கயிறு போடுகிறவன் எப்போதும் ஒரே ஆள்தான். சொஹேல் என்று பெயர், வங்காளதேசத்துச் சிட்டகொங் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஸலாம் மட்டும் சொல்வான். அவன் போடுகிற கயிறு எந்த அலையிலும் கலீலுர் றஹ்மானின் கைக்குத்தான் வந்து விழும், தண்ணீரில் ஒருநாளும் விழுந்ததில்லை. வேலை தெரிந்த பிள்ளை என்று அவருக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. ஒருநாள் ஜெமீலா கட்டித் தந்த தொதல் இனிப்பை மூட்டைக்குள் வைத்து அனுப்பினார். இருபத்திரண்டு வருசத்தில் அவர் செய்த முதல் சட்டமீறல் அதுதான்.

பதினேழாம் நாள் கயிறு தண்ணீரில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வேறு எவனோ நின்றான். அவன் வயிற்றைப் பிடித்துக்காட்டி, வலது பக்கத்தை அமத்தி, கையை நெற்றியில் வைத்துக் காய்ச்சல் என்று காட்டினான். மூன்று விரலை நீட்டினான். மூன்று நாளாம். அப்படியென்றால் நேற்றும் முந்தநாளும் வலியோடுதான் கயிறு போட்டிருக்கிறான். பிறகு கப்டனே விளிம்புக்கு வந்து ஆங்கிலத்தில் கத்தினார். சொஹேல் உள்ளே சுருண்டு கிடக்கிறான், பச்சையாக வாந்தி எடுக்கிறான், கப்பலில் டொக்டர் இல்லை.

கலீலுர் றஹ்மான் வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டார். அன்று கடமையில் இருந்தவர் பிரசாந்தன், சல்லிக் கிராமத்துப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். பிரசாந்தன் கொழும்பைக் கேட்டார். கொழும்பில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது: அபிப்பிராயம் பெறப்படுகிறது. பதினொன்றே காலுக்கும் அதே பதில். பதினொன்றே முக்காலுக்குக் கொழும்பில் கூட்டம் நடக்கிறது என்றார்கள். லோஞ்ச் கப்பலின் விலாவில் இடித்து இடித்து எழும்பி விழுந்தது. மேலே யாரோ அழுகிற சத்தம் கேட்டது, அது வலியில் அழுகிற அழுகை.

"நானா, இது குடல்வால். வெடிச்சா முடிஞ்சுது. எங்கட மாமாட மகன் இப்பிடித்தான் மௌத்தானவன்" என்றான் அபூதாஹிர்.

"வாயை மூடு" என்றார் கலீலுர் றஹ்மான். அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவருக்கு வாய் காய்ந்துபோகும்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. சரக்குத் தூக்குகிற வலைக்குள் மெத்தை போட்டு, அதில் பையனைக் கிடத்தி, கயிற்றில் இறக்கினார்கள். வலை லோஞ்சுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் வந்து நின்று ஆடியது. அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. லோஞ்சைப் பின்னுக்கு எடுத்தால் போதும், வலை திரும்ப மேலே போகும். சட்டமும் தப்பும், வேலையும் தப்பும்.

அந்த நேரம் அவருடைய ஃபோன் அடித்தது. வயர்லெஸ்ஸில் அல்ல, சொந்த ஃபோனில். பிரசாந்தன்.

"நானா, நான் உங்களோட கதைக்கேல்ல, சரியோ? இஞ்ச ஜெட்டிக்குக் கொண்டுவந்தால் கமரா இருக்கு, காவல் இருக்கு, நூறு கேள்வி வரும். மூதூர் கிட்டத்தானே. சத்தமில்லாமல் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாட்டி அது நடக்கவே இல்லை. கொழும்பும் அதைத்தான் விரும்பும், வாயால சொல்லமாட்டினம்."

கலீலுர் றஹ்மான் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். வாய்க்குள் "பாப்பம்" என்று வந்தது. ஆனால் கை உயர்ந்து, இறக்கு என்று காட்டியது. அபூதாஹிர் வலையைப் பிடித்தான்.

மூதூருக்கு இருபத்தைந்து நிமிட ஓட்டம். பையன் லோஞ்சின் தட்டில் முழங்காலை மடக்கிக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டான், கொடுக்கப் பயமாக இருந்தது, துணியை நனைத்து உதட்டில் வைத்தான் அபூதாஹிர். கலீலுர் றஹ்மான் திரும்பிப் பார்க்காமல் சுக்கானைப் பிடித்திருந்தார். சத்தமில்லாமல், சத்தமில்லாமல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனார். மூதூர் ஜெட்டிக்கு முன்னால் சிவப்பு மிதவை வந்தது. அதைத் தாண்டினார்.

தாண்டியதும் அவருடைய வலது கை மேலே போய் ஹோனைப் பிடித்து இழுத்தது. நீளமாக ஒரு தடவை, இன்னொரு தடவை, மூன்றாவது தடவை.

மூதூர் லோஞ்ச்காரர்களின் வழக்கம் அது. நோயாளியோ, பாம்பு கடித்தவரோ, பிள்ளைப்பேற்றுக்காரியோ, இறந்தவரின் மையத்தோ லோஞ்சில் இருந்தால், எந்தக் கரைக்குப் போனாலும், மிதவையைத் தாண்டியதும் மூன்று நீள ஹோன். கேட்கிறவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜெட்டிக்கு வரவேண்டும். யார் வீட்டு நோயாளி என்று கேட்கக்கூடாது. வாகனம் உள்ளவர் வாகனத்தோடு, இல்லாதவர் கட்டிலோடு. பாலங்கள் வந்து பாதை திறந்து லோஞ்ச் நின்றுபோய் எத்தனையோ வருசம். ஆனால் அத்தனை வருசம் இழுத்த கைக்கு அது தெரியவில்லை. கேட்ட காதுகளுக்கும் தெரியவில்லை.

அபூதாஹிர் வாயைப் பிளந்து பார்த்தான். "நானா, என்ன வேல பாத்தீங்க!"

ஜெட்டியில் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியோடு வந்தான். மூன்று ஓட்டோ வந்தது, ஒரு கட்டில் வந்தது. எல்லாருடைய கையிலும் ஃபோன். பகல் லுஹர் தொழுது முடிவதற்குள் சொஹேலின் முகம் ஊரெங்கும் போய், பின்னேரம் ஆவதற்குள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டது. குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று ஒப்பரேசன் செய்த டொக்டர் சுஹைரா சொன்னார்.

மறுநாள் இராசதுரை திரும்பவும் வந்தார். கலீலுர் றஹ்மானைக் கதிரையில் இருத்தித்தான் பேசினார்.

"ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?"

"ஒருத்தரும் தரல்ல சேர்." பிரசாந்தனின் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"ஹோன் ஏன் அடிச்சியள்?"

"தெரியாது சேர். கை போயிட்டுது."

இராசதுரை கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு அது உண்மை என்று தெரிந்தது. தானே ஒரு கடிதம் எழுதி நீட்டினார்: பழக்கதோஷத்தால் கை தவறி ஹோன் அடித்துவிட்டேன், இனி அப்படி நடக்காது. இருபத்திரண்டு வருச நற்பெயருக்காக இது இதோடு முடியும் என்றார். கலீலுர் றஹ்மான் கையொப்பம் வைத்தார். உண்மையைச் சொன்னால், வைத்தபோது அவருக்குப் பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது.

"இன்னொரு அலுவல் இருக்கு" என்றார் இராசதுரை. "ஒரு முடிவு வந்திருக்கு. கப்பல் தானாகவே வியாழக்கிழமை போகும். நாங்கள் சோதிக்கேல்ல, துறைமுகத்துக்குள்ள எடுக்கவும் இல்லை. ரெண்டு பக்கத்துக்கும் சரி. ஆனால் பத்தொன்பது பேரோட வந்த கப்பல் பத்தொன்பது பேரோடதான் போகவேணும். ஒருத்தர் மிஞ்சினால், ஆள் இறங்கியிருக்கு, ஏன் சோதிக்கேல்ல எண்டு கேட்பினம். அந்தப் பையனை நீங்கள்தான் கொண்டுபோய் ஏற்றவேணும். கொண்டுவந்ததும் நீங்கள்தானே."

"ஊரெல்லாம் படம் போயிட்டுதே சேர்."

"படத்தில ஒரு நோயாளிதான் தெரியுது. எந்தக் கப்பல் எண்டு நாங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல."

கலீலுர் றஹ்மான் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். டொக்டர் சுஹைரா கொதித்துப்போய் நின்றார். "சீழ் இன்னும் வடியுது. குழாய் எடுக்கல்ல. அடுத்த துறைமுகத்துக்குப் பதினொரு நாளாம், கப்பல்ல டொக்டர் இல்ல. ஏத்தப்படாது எண்டு எழுதி அனுப்பினன். பரிசீலிச்சதாம், ஆனா ஏத்தத்தான் வேணுமாம். இந்தப் பிள்ள உசிரோட போய்ச் சேருமெண்டு நான் எழுதித் தரமாட்டன் நானா."

கட்டிலில் கிடந்த சொஹேல் அவரைக் கண்டதும் ஸலாம் சொன்னான். விரலைக் குவித்து வாயில் வைத்துக் காட்டிச் சிரித்தான். தொதலைச் சொல்கிறான் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அங்கே நிற்க ஏலாமல் வெளியே வந்துவிட்டார்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டில் ஜெமீலா கேட்டாள். "அந்தப் புள்ளயக் கொண்டுபோய் ஏத்துவீங்களா?"

"பாப்பம்."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை. "ஷாமிலா வகுத்துக்க குறுக்கால கிடந்த அண்டைக்கு மூணு ஹோன் அடிச்சித்தான் என்னக் கொண்டுபோனீங்க. அண்டைக்கு அந்தக் கரையில சனம் ஓடி வராட்டி நானும் இல்ல, அவளும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பீங்கானைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். முப்பது வருசத்தில் அவள் அவரை ஏசாமல் விட்டது அன்றுதான்.

வியாழன் காலை பத்து மணி. கடலுக்குப் போனவர்கள் வந்து தூங்குகிற நேரம், கடைக்காரர்கள் கடையில் இருக்கிற நேரம், ஜெட்டியில் ஆள் இருக்காத நேரம். பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். அம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்தது. இராசதுரை தானே முன்னுக்கு வந்து லோஞ்சில் ஏறினார். சொஹேலை ஸ்ட்ரெச்சரோடு தட்டில் வைத்தார்கள். வயிற்றிலிருந்து வந்த குழாயும் அதன் நுனியில் பையும் போர்வைக்கு வெளியே தெரிந்தன. எங்கே போகிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. லோஞ்சைக் கண்டதும் அவனே விளங்கிக்கொண்டான். அழவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் சுருட்டிக் கிடந்த கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டான். வேலை தெரிந்த பிள்ளை, பிடித்தால் கயிற்றைத்தான் பிடிக்கும்.

கலீலுர் றஹ்மான் அதைப் பார்த்தார்.

"போவமா?" என்றார் இராசதுரை. அவர் ஸ்ட்ரெச்சரைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

அபூதாஹிர் எஞ்சினை முடுக்கினான். கட்டை அவிழ்க்க ஜெட்டிப் பக்கம் குனிந்தவன், நிமிர்ந்து சுக்கானியின் முகத்தைப் பார்த்தான், அவிழ்க்காமல் நின்றான்.

இந்த முறை கை தானாகப் போகவில்லை. கலீலுர் றஹ்மான் அதை அனுப்பவேண்டி இருந்தது. கை கனத்தது, பதினாலு மாதமும் அதில் தொங்குவதுபோல் கனத்தது. வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இராசதுரை "என்ன செய்யிறியள்?" என்று கேட்டு முடிப்பதற்குள் முதல் ஹோன் ஊரின் மேலே போய்விட்டது.

இரண்டாவது ஹோனை அவர் முதலாவதைவிட நீளமாக இழுத்தார். மூன்றாவதை விடவே மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் உண்மையாகச் செத்துப் பிழைத்தார். யாரும் வராவிட்டால்? பிறகு பள்ளிவாசல் வீதியில் ஓர் ஓட்டோ சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தூக்கக் கலக்கத்தோடு சாரத்தைக் கட்டிக்கொண்டு மீன்காரர்கள் வந்தார்கள். கடைக்காரர் கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டபடி ஜெமீலா வேகமாக நடந்து வந்தாள்.

யாரும் கத்தவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஹோன் அடித்தால் கேட்கக்கூடாது. தட்டில் கிடந்த பிள்ளையையும் வயிற்றுக் குழாயையும் பார்த்தார்கள், சுக்கானியைப் பார்த்தார்கள், கட்டிலை லோஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். பின்னால் நின்றவர்களின் ஃபோன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. இராசதுரையும் கட்டப்பட்டிருந்த லோஞ்சும் அதன் அரசாங்க இலக்கமும் எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்தன.

இராசதுரை லோஞ்சின் முன்பக்கம் போய்க் கொழும்போடு பேசினார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை "இல்லை சேர், இதுக்குள்ள ஏலாது, நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கினம்" என்று அவர் சொன்னது கேட்டது. திரும்பி வந்தவர், ஸ்ட்ரெச்சரை இறக்கச் சொல்லிக் கையால் காட்டினார். விசயம் மறுபடி பரிசீலனைக்குப் போய்விட்டதாம்.

சொஹேலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அவன் கயிற்றை விட மறுத்தான். கலீலுர் றஹ்மான் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கட்டில் கூட்டத்துக்குள் போய் மறைந்தது.

லோஞ்சில் அவரும் அபூதாஹிரும் இராசதுரையும் மட்டும் நின்றார்கள். இராசதுரை கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"நீங்கள் எழுதித் தந்த கடிதம் என்னட்ட இருக்கு" என்றார் மெதுவாக. "இதையும் கை தவறின எண்டு எழுதலாம். பழக்கதோஷம். நான் நம்புறன் எண்டு சொல்லுவன். சொல்லுங்கோ, எழுதட்டோ?"

ஜெட்டியில் ஜெமீலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கலீலுர் றஹ்மான் சுக்கானிலிருந்து சாவியை எடுத்து இராசதுரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"இல்ல சேர்" என்றார். "இது நான் அடிச்சது."

அன்று பின்னேரம் ஸெலினா நங்கூரம் தூக்கியது. பதினெட்டுப் பேரோடுதான் போனது.